மூட்டி வைத்த வெக்கை

காரைக்குடிப் பக்கத்தில் வெயில் வேறு, வெக்கை வேறு. வெயிலுக்குக் குடை பிடிக்கலாம், புளியமரத்தடியில் ஒதுங்கலாம். வெக்கைக்கு ஒதுங்க இடம் கிடையாது. வெயில் இறங்கிய பிறகும் அது செம்மண் பொட்டலிலும் சுவரிலும் விரித்த பாயிலும் இருக்கும். மழை வரப்போகிற நாளில் இன்னும் மோசமாக இருக்கும்.

மதுரையில் பிரசவம் பார்க்கப் படித்துவிட்டுச் செக்காலையில் ஒரு வாடகை வீட்டில் தங்கி வேலை தொடங்கியபோது, இந்தச் சொல்லை யார் யார் எதற்கெல்லாம் சொல்கிறார்கள் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே போவேன். எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்கு இருக்க முடியாது. அடுப்படியில் நிற்கிறவள் சொன்னாள், அது நியாயம். மாட்டுக்கு வரும் கொள்ளைநோய்க்கும் அதே பெயர். அதில் தொழுவம் தொழுவமாக மாடுகள் செத்துப்போவதை மானகிரியில் என் தகப்பனார் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் வெக்கை. கண் சிவந்தால், நீர் கடுத்தால், தீட்டு தள்ளிப்போனால், தள்ளிப்போகாமல் முன்னால் வந்துவிட்டால், எல்லாம் வெக்கை. மருமகள் முறைத்துப் பார்த்தால், "அவ மூஞ்சியில வெக்கை அடிக்குது" என்பார்கள். திடகாத்திரமான மனிதன் ஒருவன் கடையில் உட்கார்ந்தபடியே செத்துப்போனான். "வெக்கை தாங்கல" என்றார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள். புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் பிரித்துச் சொல்லியிருந்த வியாதிகள் அத்தனையும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன. யாரும் யாரையும் குற்றம் சொல்லவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்ததுதான் வெக்கை காட்டுவது. அதாவது, பெற்ற உடம்பு இறுகவேண்டும் என்று, பிள்ளை பெற்றவளுக்கு வேண்டுமென்றே வெக்கையை மூட்டிவைப்பது.

கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தேன். மூத்த மகளுக்குத் தலைப்பிரசவம், ஆகையால் தாய் வீட்டில். புருஷன் ரெங்கூனில். தகப்பனாரும் கடல் கடந்துதான் இருந்தார். வீட்டில் தாய், பிள்ளைத்தாய்ச்சி, அவளுக்கு இளையவளாகக் கல்யாணத்துக்கு நிற்கும் ஒரு தங்கை, வேலைக்காரர்கள். பிரசவம் சுகமாக ஆயிற்று. ஆண் குழந்தை. இந்தப் பக்கத்துப் பணக்கார வீடுகளில் எங்களைப் போன்றவர்களைப் பிள்ளையை வெளியே எடுக்கும்வரைக்கும் வைத்துக்கொள்வார்கள். எடுத்தபிறகு அறை பெற்றவளின் தாயுடையது. நான் அவ்வப்போது வந்து குழந்தையின் தொப்புளைப் பார்த்து மருந்துப்பொடி வைத்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான்.

கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. அடுத்த முறை அவர்கள் அனுப்பிய வில்வண்டியில் போய் இறங்கினேன். அந்த வீட்டுக்கு ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை. முட்டையின் வெள்ளைக்கரு கலந்து பூசி மெருகேற்றிய சுவர்கள். கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கும். நடுவில் வானம் பார்த்த வளவு. அதில் கால் வைத்ததும் வெளியே அடிக்கும் வெயில் மறந்துபோகும். அந்த ஊரிலேயே வெக்கை நுழையாத வீடு அதுவாகத்தான் இருந்திருக்கும். அந்த வீட்டில் ஒரே ஒரு அறைக்குள் மட்டும் அதைக் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

கதவைத் திறந்ததும் நான் பார்த்தவை: சன்னலில் அடித்திருந்த கோணிச்சாக்கு. கட்டிலுக்கு அடியில் இரும்புச் சட்டியில் கரி நெருப்பு. தலைமாட்டில் சாம்பிராணிப் புகை. பெற்றவளின் வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டிய வேட்டித் துணி, அதற்கு மேல் கம்பளி. தண்ணீர்ப் பாத்திரம் எதுவும் இல்லை.

"வாங்க நர்சம்மா," என்றாள் தாய். "பேரனைப் பாருங்க. அப்பச்சி மூக்கை அப்படியே உரிச்சு வச்சிருக்கான்."

"பெத்தவுகளைப் பாத்துட்டு வாரேன் ஆச்சி."

"அவ எங்க போயிருவா? கட்டில்லதான கெடக்கா."

கிடந்தாள். பத்தொன்பது இருபது வயதுக்காரி. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. நாக்கை நீட்டச் சொன்னேன். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிரித்து நீட்டவேண்டியிருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டேன். கிள்ளின மேடு அப்படியே நின்றது. கடைசியாக எப்போது நீர் பிரிந்தது என்று கேட்டேன். அவளுக்கு நினைவில்லை. தெர்மாமீட்டர் நூற்றுமூன்றுக்கு மேல் ஏறியது.

பிரசவக் காய்ச்சலாக இருந்தால் என் கையில் ஒன்றும் இல்லை. நாங்கள் படித்த எந்தப் புத்தகத்திலும் அதற்கு மருந்து இல்லை. ஆனால் அடிவயிற்றை அமுக்கினால் வலி இல்லை. உதிரப்போக்கில் கெட்ட வாடை இல்லை. குளிர் நடுக்கம் இல்லை. இவள் நோயில் சாகவில்லை. அடுப்பில் வைத்த பாத்திரம் வற்றுகிறமாதிரி வற்றிக்கொண்டிருந்தாள். இப்படியே விட்டால் இரண்டு நாள் தாங்கினால் அதிகம்.

"ஆச்சி, இவுகளுக்குத் தண்ணி வேணும்."

"குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சுக்கு வெந்நி, காலையில ஒரு பாலாடை, பொழுது சாய ஒரு பாலாடை."

பாலாடை என்பது குழந்தைக்குப் பால் புகட்டும் சின்னஞ்சிறு வெள்ளிக் கிண்ணம். எனக்கு அது இரண்டு வாய்க்குக் காணாது.

"அது பத்தாது. செம்பு செம்பாக் குடிக்கணும். நெருப்பையும் எடுத்துரலாம். வெளியவே வெக்கை இந்தப் போடு போடுதே."

"வெளிய அடிக்கிறது ஊரு வெக்கை. இது பேறுகால வெக்கை. ரெண்டும் ஒண்ணா?" என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நர்சம்மா, நான் அஞ்சு பெத்து மூணைப் பறிகொடுத்தவ. நீங்க எத்தனை பெத்தீக?"

"பெக்கல ஆச்சி."

"அப்ப அங்குட்டு உக்காந்து தொப்புளைப் பாருங்க."

வாசலில் நின்ற வேலைக்காரி களுக்கென்று சிரித்தாள். நான் தொப்புளைப் பார்த்தேன்.

தாயைப் பற்றிச் சொல்வதென்றால் முழுவதும் சொல்லவேண்டும். அவளும் அந்த அறைக்குள்ளேதான் இருந்தாள். வளவில் அவ்வளவு குளிர்ச்சி இருக்க, நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ரவிக்கை போடாத முதுகில் வேர்வை ஆறாக ஓட, விசிறியைத் தனக்குக்கூட வீசிக்கொள்ளவில்லை. அந்த விசிறியால் கரியைத்தான் விசிறினாள். மகள் குடிக்காமல் இருக்கும்போது தான் மட்டும் குடிக்க மனம் வரவில்லை என்று அவளும் தண்ணீரைக் குறைத்திருந்தாள். அவளிடம் குறை இருந்தது அன்பில் அல்ல. இருந்த அன்பு முழுவதையும் கரியாக்கிச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

சண்டை போட்டால் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அதனால் வேறு வழி பார்த்தேன். தண்ணீர் கூடாது, சரி. மருந்து கூடும் அல்லவா? செக்காலைக்குத் திரும்பி, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைப் பெரிய மருந்துப் பாட்டிலில் நிரப்பினேன். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சோடா உப்பு, நம்பும்படியாகக் கசக்க ஆரஞ்சுத் தோல் டிங்சர், பார்வைக்கு ஒரு சொட்டுச் சிவப்புச் சாயம். பாட்டிலின் பக்கத்தில், வேளைக்கு எவ்வளவு என்று காட்டும்படி பல் பல்லாக வெட்டிய காகிதத்தை ஒட்டினேன். மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இது மதுரையில இருந்து வந்த காய்ச்ச மருந்து ஆச்சி. ஒரு மணிக்கு ஒரு தடவை, இந்த வெட்டுல இருந்து இந்த வெட்டு வரைக்கும். ராத்திரியும் எழுப்பிக் குடுக்கணும். நாளைக்குள்ள பாட்டில் காலியாகணும்."

தாய் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அதற்கு மறுநாள் போனபோது பாட்டில் சுவாமி படத்துக்கு முன்னால் இருந்தது. மேலே இருந்து ஒரு பல்கூட முழுதாக இறங்கவில்லை.

"என்ன ஆச்சி இது? ஏன் குடுக்கல?"

"குடுத்தேனே. பாலாடையில காவாசி குடுத்தேன், ரெண்டு தடவை." ரகசியம் சொல்வதுபோல் கிட்டே வந்தாள். "நீங்க சின்னப் பிள்ளை, ஒங்களுக்குத் தெரியாது. இங்கிலீசு மருந்து பொல்லாத வெக்கை. செகப்பா வேற இருக்கு. பச்சை ஒடம்பு தாங்குமா? கொஞ்சமாக் குடுத்தே அவளுக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குது பாருங்க. நீங்க சொன்ன அளவுக்குக் குடுத்திருந்தா இந்நேரம் வெந்துருப்பா."

ஒரு சொல்லுக்குப் பயந்து அதே சொல்லை மூட்டிக்கொண்டிருந்தாள். கரி மூட்டிய வெக்கை மருந்து. தண்ணீர் நிரம்பிய பாட்டில் வெக்கை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. அவள் சொன்னதில் ஒரு ஒழுங்கு இருந்தது. எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கியிருந்தாள், மகள் உயிர் ஒன்றைத் தவிர.

உச்சிப்பொழுதில் தாய் குளித்துவிட்டு விளக்கேற்றப் போனாள். வேலைக்காரி கரி எடுக்கக் கொல்லைக்குப் போனாள். நான் வளவில் இருந்த மண்பானையில் செம்பை முக்கி எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். உள்ளே என் தலைமயிர்கூடச் சுட்டது. பெற்றவளின் தலையைத் தூக்கிச் செம்பை உதட்டில் வைத்தேன்.

அவள் உதட்டை மூடிக்கொண்டாள்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. சட்டியையும் தாயையும்தான் கணக்கில் எடுத்திருந்தேன். "குடிங்க. யாரும் இல்லை," என்றேன். தலையை அந்தப் பக்கம் திருப்பினாள். பேசும்போது நாக்கு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

"வேண்டாம். தண்ணி குடிச்சா வகுறு பானையாயிரும். அவுக அடுத்த வருசம் வருவாக. பாத்துட்டு மறுபடி ரெங்கூனுக்கே போயிருவாக. அங்குட்டுப் பொம்பளைக எல்லாம் கொடி மாதிரி இருப்பாளுகளாம்."

"யாரு சொன்னது?"

"எல்லாரும் சொல்றாகளே. ஆத்தா, அத்தை, எல்லாருந்தான். நான் தாங்கிக்கிறுவேன் நர்சம்மா."

தாங்கமாட்டாள். நாடி என் விரலுக்கடியில் நூலாக ஓடிக்கொண்டிருந்தது. அறிவுக்கு ஏற்றபடி சொல்லக்கூடியவை எல்லாம் எனக்குத் தெரியும்: தண்ணீர் வயிற்றுக்குள் தங்காது, கர்ப்பப்பை தானாகச் சுருங்கும், பால் ஊற நீர் வேண்டும். அவற்றைக் கேட்டு யோசித்து நம்புவதற்கு அவளுக்கு நேரம் இல்லை. அவள் சாவுக்குப் பயப்படவில்லை. அவள் பயம் வேறு ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பக்கம்தான் பிடிக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது.

கதவு கால் பாகம் திறந்திருந்தது. அதன் வழியாக வளவு தெரிந்தது. தங்கை எண்ணெய்க் குளியல் முடித்து, ஈரத் தலைமுடியை முதுகில் பரப்பிக்கொண்டு, நான் செம்பை முக்கிய அதே பானைக்குப் பக்கத்தில் நின்றாள். அண்ணாந்து, செம்பை உதட்டில் படாமல் உயர்த்திப் பிடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். தொண்டை ஏறி இறங்கியது. சிந்திய தண்ணீர் கழுத்து வழியாக ஓடியது.

நான் குனிந்து சொன்னேன்.

"நீங்க செத்துப்போனா உங்க வீட்டுக்காரரு ரெங்கூன்ல இருக்கமாட்டாரு. இங்க வருவாரு. தாயில்லாப் பிள்ளையை யாரு வளக்கிறதுன்னு பேச்சு வரும். வெளியில இருந்து ஒருத்தியக் கொண்டாந்து விட்டா பிள்ளையைக் கொடுமைப்படுத்துவான்னு உங்க ஆத்தாவே சொல்லுவாக. வீட்டுக்குள்ளயே ஒருத்தி இருக்கும்போது எதுக்கு வெளிய போகணும்? உங்க தோடு, உங்க கட்டில், உங்க பிள்ளை, எதுவும் வாசப்படி தாண்டாது. அங்க பாருங்க. கொடி மாதிரி இருக்குறதுக்கு ரெங்கூன் வரைக்கும் போகவேண்டியதில்ல."

அவள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். தங்கை இரண்டாவது செம்பு மொண்டு குடித்தாள்.

பெற்றவளின் கை கம்பளிக்கு வெளியே வந்தது. செம்பைப் பற்றியது. ஒரே மூச்சில் குடிக்க நான் விடவில்லை, குடித்தால் வாந்தியாகிவிடும். ஒரு மடக்கு, பொறுத்து ஒரு மடக்கு. இடையில் செம்பை எடுத்தால் என் மணிக்கட்டில் நகம் பதிந்தது. குடிக்கும்போதெல்லாம் கதவிடுக்கை விட்டு அவள் கண் நகரவில்லை.

செம்பு காலியாகும் நேரத்தில் தாய் உள்ளே வந்தாள். கையில் விபூதித் தட்டு. அது தரையில் விழுந்து உருண்டது.

"அடி பாவி! எம் மகளைக் கொல்லவா வந்த? வண்டி வச்சுக் கூட்டியாந்து எமனுக்கில்ல வாசலைத் தொறந்து விட்டுட்டேன்! வெளிய போடி!"

நான் எழுந்து நின்றேன். பையை எடுக்கவில்லை. கட்டிலில் இருந்து குரல் வந்தது. பெரிய குரல் இல்லை. ஆனால் அந்த வாரத்தில் அவளிடம் யாரும் கேட்டிராத குரல்.

"ஆத்தா, இன்னொரு செம்பு தண்ணி கொண்டா."

"என்னம்மா சொல்ற? வேண்டாண்டா ராசாத்தி..."

"கொண்டாங்கிறேன்ல. நீயே கொண்டா. சின்னவகிட்டக் குடுத்து விடாத. இந்தச் சட்டியையும் தூக்கிட்டுப் போ."

தாய் என் முகத்தைப் பார்த்தாள், மகள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அழுதுகொண்டே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அன்று சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருந்தேன். கோணிச்சாக்கை நானே பிய்த்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் அவளுக்கு நீர் பிரிந்தது. கறுத்த நீர்தான், ஆனால் பிரிந்தது. அடுத்த நாள் காய்ச்சல் இறங்கியது. அதற்கு அடுத்த நாள் பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது என்று என்னைத் திட்டினாள். பிழைத்துவிட்டாள்.

அவள் எப்படிப் பிழைத்தாள் என்பதை அவள் தாய் ஊரெல்லாம் சொன்னாள். என் காதுக்கும் வந்தது. ஆரம்பத்திலிருந்து விடாமல் வெக்கை காட்டினதில்தான் உடம்பு கெட்டிப்பட்டதாம். நர்சம்மா கொடுத்த சிவப்பு மருந்தை அவள் சாமர்த்தியமாகக் குறைத்துக் கொடுத்தாளாம். கடைசியில் உள்ளே போன ஒரு செம்பு தண்ணீர்கூட, அதுவரை ஏறியிருந்த வெக்கையால் ஒன்றும் செய்யவில்லையாம். அடுத்த பிரசவத்துக்குக் கரி கூடுதலாக வாங்கவேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். என்னை அந்தத் தெருவில் வேறு யாரும் கூப்பிடவில்லை.

குழந்தையின் தொப்புள் ஆறும்வரைக்கும் மட்டும் போய்வந்தேன். பெற்றவள் தினமும் செம்பு செம்பாகக் குடித்தாள். தங்கை அறைக்குள் வந்தால் குடிப்பதை நிறுத்திவிட்டு, அவள் வெளியே போகும்வரைக்கும் செம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். பிள்ளையைத் தூக்க விடமாட்டாள். அவள் மடித்துவைத்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பாள். ஒருநாள் தங்கை குழந்தையின் காலைத் தொட்டுக் கொஞ்சினாள்.

"கையை எடுடி," என்றாள் அக்காள். "இன்னும் நான் இருக்கேன்."

தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

புருஷன் மறு வருஷம்வரை காத்திருக்கவில்லை. மகனைப் பார்க்க ஐப்பசிக்குள் கப்பலேறி வருகிறார் என்று கேள்விப்பட்டேன். மழை பிந்தியிருந்தது. மானகிரிக்குப் பக்கத்தில் ஒரு வேலையாகப் போய் வாடகை வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தபோது, எதிரே அந்த வீட்டு வில்வண்டி வந்தது. திரை விலகியது. தங்கை. பக்கத்தில் ஒரு டிரங்குப் பெட்டி, கூடத் துணைக்கு அந்த வேலைக்காரி.

"நர்சம்மா, நிப்பாட்டுங்க," என்றாள். இரண்டு வண்டியும் நின்றன. "அத்தை வீட்டுக்கு அனுப்பி வைக்கிறாக. அத்தான் திரும்பிப் போறவரைக்கும் நான் வீட்டுல இருக்கக்கூடாதுன்னு அக்கா ஒத்தக் கால்ல நிக்குது. சாப்பிடமாட்டேங்குது. எனக்கு மாப்பிள்ளைகூட அவசரமாப் பாக்கச் சொல்லிருச்சு, தூரத்து ஊர்லயாம்." அவள் கண் வீங்கியிருந்தது. "நீங்க கூடவே இருந்தீகளே. அக்காவுக்கு நான் என்ன செஞ்சேன்? ஏதாவது சொல்லுச்சா ஒங்ககிட்ட?"

அன்று நான் என்ன சொன்னேன் என்பது வார்த்தை வார்த்தையாக எனக்கு நினைவிருந்தது. அதே அறையில் அதே நாடியைப் பிடித்துக்கொண்டு மறுபடி நின்றால், மறுபடியும் அதையேதான் சொல்வேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதை இவளிடம் சொல்வதால் யாருடைய உயிரும் பிழைக்கப்போவதில்லை.

"ஒண்ணும் சொல்லலையே," என்றேன். "பெத்த ஒடம்பு. போகப்போகச் சரியாயிரும்."

அவள் நம்பினாள். தலையாட்டி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேலைக்காரி திரையை இழுத்துவிட்டாள். உள்ளே அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். காற்று இல்லாத நாள், கூரை தாழ்ந்த வண்டி. மாடுகள் நிற்கமாட்டாமல் கால் மாற்றிக்கொண்டிருந்தன. வண்டிக்காரன் வாலை முறுக்கினான். வண்டி போயிற்று.